கட்டைவிரலின் அபிப்பிராயம்

ஆம்பூர் வட்டாரத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் நிறைய உண்டு. படித்ததைப் பற்றிப் பொய் சொல்லாதவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கட்டைவிரல்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. வெல்ஃபேர் ஆபீசர் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஷூ ஃபேக்டரியில் ஒருவருக்கும் ஆள் அடையாளம் தெரியாது. தோல் தரம் பிரிக்கும் மேஜைக்கு அவர்தான் ராஜா. தோல் பதனிடும் டேனரியிலிருந்து வருவதை மேஜையில் விரிப்பார். வலது கட்டைவிரலைக் கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக ஓட்டுவார். எது ஷூவின் முகத்துக்கு, எது உள்பக்கத்துக்கு, எது குப்பைக்கு என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தமாட்டார். "முள்ளுவேலில மாட்டின ஆடு சார் இது. கொஞ்சம் முரடு. சும்மா நின்னிருந்தா இவ்ளோ கீறல் வராது" என்று ஆட்டின் நடத்தைச் சான்றிதழையும் சேர்த்தே வாசிப்பார்.

அந்த விரல் மேஜையோடு நின்றால் பரவாயில்லை. பஸ்ஸில் ஏறினால் சீட்டைத் தடவிப் பார்த்து, "ரெக்ஸின்" என்று முகம் சுளித்துவிட்டு, காலி சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பள்ளிகொண்டாவில் இருக்கும் தன் வீடுவரை நின்றுகொண்டு போவார். பிரியாணிக் கடையில் கறித்துண்டை ஓர் அழுத்து அழுத்தி, "வயசு ஜாஸ்தி" என்று ஓரமாக ஒதுக்குவார். ஒருமுறை முதலாளி வெளிநாட்டில் வாங்கிய புது ஷூவோடு வந்து நின்றார். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இவர் குனிந்து ஒரு தடவு தடவிவிட்டு, "ஏமாத்திட்டாங்க சார்" என்றார். முதலாளி மறுநாளிலிருந்து பழைய செருப்புக்குத் திரும்பிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட் வரும்போது, தொழிலாளர்களுக்குப் படிக்கும் அறை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் உண்டாக்கினோம். ஒரு ஸ்டீல் பீரோ, இரண்டு பெஞ்சு, ஊரில் யார் யாரோ வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த அறுபது புத்தகங்கள். ஊறுகாய் வகைகள், முன்னேற வழிகள், மூட்டுவலிக்கு மூலிகை, நாலு துப்பறியும் நாவல், ஒரு பழைய ரயில்வே டைம்டேபிள், முதல் நாற்பது பக்கம் இல்லாத ராஜா கதை, கொஞ்சம் கவிதை. பக்கத்திலேயே ஒரு நோட்டு. படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதவேண்டும் என்பது ஆடிட்காரர்களின் விதி.

எல்லோரும் எழுதினார்கள். ஊறுகாய்க்கு "நன்று". கவிதைக்கு "நன்று". ரயில்வே டைம்டேபிளுக்கும் "நன்று". தையல் பிரிவு சூப்பர்வைசர் எஸ்தர் மட்டும், பதவிக்கு ஏற்றபடி, "மிக நன்று" என்று எழுதினார். எஸ்தர்தான் எங்களில் அதிகம் படிப்பவர். வாயால் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். "கொலைகாரன் யாருன்னு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு சார். ஆனா பாவம், அந்தாளு மேல எனக்குக் கோவமே வரல." இதை நோட்டில் எழுதுங்களேன் என்றால், "ஐயையோ, ஆடிட் சார்" என்பார்.

கட்டைவிரல் மட்டும் நோட்டைத் தொடவில்லை. படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் நூல் கட்டி, அதில் விரலகலத் தோல்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அபிப்பிராயம் சார்."

"அதைத்தான் நோட்டுல எழுதச் சொல்றோம்?"

"எழுதிப் பாத்தேன் சார். பேனாவத் தொட்டா நன்றுன்னுதான் வருது."

எனக்குத்தான் புரியவில்லை. தையல் பிரிவுப் பெண்களுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. நாள் முழுக்கத் தோலில் புழங்கும் கைகள் அல்லவா. பீரோவைத் திறப்பார்கள், துண்டைக் கட்டைவிரலால் ஒரு தேய், எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்துவிடுவார்கள். ஷூவுக்குள்ளே பாதத்தை ஒட்டியிருக்கும் மெத்தென்ற லைனிங் தோல் கட்டியிருந்தால், மனசோடு ஒட்டும் புத்தகம். தடித்த சோல் தோல் என்றால் முதலில் கடிக்கும், பழகினால் வருஷக்கணக்கில் உழைக்கும். ரயில்வே டைம்டேபிளுக்கு அதுதான் கிடைத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் அதை மரியாதையோடு பார்த்தார்கள். முன்னேற வழிகளுக்குப் பளபளக்கும் பேட்டன்ட் தோல். முகம் தெரியும், மடித்தால் விரிசல் விடும். கவிதைப் புத்தகத்துக்கு முதல் தரத் தோல், குறுக்கே ஒரு முள் கீறலோடு. ராஜா கதைக்கு நல்ல தோல்தான், ஆனால் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டிருந்தார்.

கடைசித் தரம் ஸ்ப்ளிட். தோலை இரண்டாகப் பிளந்து, உயிருள்ள மேல்பாகத்தை உரித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் அடிப்பாகம். அதன் மேல் பெயின்ட் ஏற்றி, ரேகை அச்சடித்து, நல்ல தோல் மாதிரியே காட்டுவார்கள். அறுபது புத்தகத்தில் ஒன்றுக்குக்கூட அவர் அதைக் கட்டவில்லை.

அப்போதுதான் என் முதல் புத்தகம் வந்தது. பத்திரிகைகளில் எழுதிய இருபத்திரண்டு கட்டுரைகள். வேலூரில் ஒரு சின்ன ஹாலில் வெளியீடு. பேசிய நாலு பேரும் மாற்றி மாற்றிப் புகழ்ந்தார்கள். மறுநாள் ஒரு பிரதியைப் பீரோவில், அட்டை வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தேன். மாலைக்குள் கட்டைவிரல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் திருப்பவில்லை. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் அவர் மேஜைப் பக்கம் தினம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு போனேன். டீ சரியான நேரத்துக்கு வருகிறதா என்று விசாரித்தேன். மேஜைக்குமேல் புது ஃபேன் மாட்டிக் கொடுத்தேன். "காத்து நல்லா வருது சார்" என்றார்.

நாலாவது வாரம் புத்தகம் பீரோவுக்கு வந்தது. துண்டைத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே எஸ்தரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

எஸ்தர் தேய்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"சார், டீ குடிச்சீங்களா?"

"அது கிடக்கட்டும். இது என்ன தோல்?"

"பாக்கறதுக்கு நல்லாத்தான் சார் இருக்கு."

"என்ன தோல்மா?"

"ஸ்ப்ளிட்டு சார்" என்றார் எஸ்தர், ஏதோ என் வீட்டில் துக்கம் நடந்ததுபோல.

நியாயமாக நான் சிரித்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் அவரிடம் போய் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மெமோ எழுதியதுதான். உற்பத்திக்கான பொருளை அனுமதியின்றி எடுத்து, தொழிலாளர் நலனுக்கான அறையின் ஒழுங்கைக் குலைத்து, சக ஊழியர்களின் சுதந்திரமான கருத்துக்கு இடையூறு செய்ததாக ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அவர் வாங்கிய முதல் மெமோ அது. அன்று மதியமே கத்தரிக்கோலோடு போய் எல்லா நூல்களையும் வெட்டினேன். உள்ளே ஏதாவது ஒளித்திருப்பாரோ என்று ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறினேன். என் புத்தகத்திலிருந்தும் ஏதோ விழுந்தது. குனிந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கட்டைவிரல் மெமோவை வாங்கி, நின்றபடி முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு படிக்கும் அறைக்கு வரவில்லை. மேஜையருகே என்னைப் பார்த்தால் எப்போதும்போல வணக்கம் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெண்கள் கொஞ்ச நாள் பீரோவைத் திறந்து, நூல் இருந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு திறப்பதையும் விட்டார்கள். நோட்டில் மட்டும் "நன்று"கள் வளர்ந்தன. ஆடிட்டில் எங்களுக்கு நல்ல மார்க்.

அப்புறம் நான் வேலூருக்கு வேறு வேலைக்குப் போனேன். இன்னும் மூன்று புத்தகம் வந்தது. எல்லாவற்றையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். போன வருஷம் ஆம்பூர் ஸ்டேஷனில் எஸ்தரைப் பார்த்தேன்.

"கட்டைவிரல் அண்ணன் வேலைய விட்டுட்டாரு சார். சுகர் ஜாஸ்தியாகி, விரல்லாம் மரத்துப்போச்சு. தோல வெச்சாலும் தெரில, துணிய வெச்சாலும் தெரில."

பாவமாக இருந்தது. உண்மைதான். ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் என் மனசு ஒரு கணக்குப் போட்டது. ஒருவேளை என் புத்தகம் வந்த சமயத்திலேயே விரல் மரக்க ஆரம்பித்திருக்குமோ? லைனிங் என்று நினைத்து ஸ்ப்ளிட்டைக் கட்டியிருப்பாரோ? இப்படியும் ஒரு மனுஷன் நினைப்பானா என்று கேட்காதீர்கள். நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சர்க்கரை போடாத பிஸ்கட் வாங்கிக்கொண்டு பள்ளிகொண்டாவுக்குப் பஸ் ஏறினேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கண்ணும் மங்கியிருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, "சார், வாங்க. உக்காருங்க" என்று இடம் காட்டினார். உடம்பை விசாரித்தேன். சுற்றி வளைத்து, விரல் மரத்தது எப்போது என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அது அப்புறம்தான் சார், ரெண்டு வருஷம் கழிச்சு. உங்க புக்கு ஸ்ப்ளிட்டுதான்."

பிஸ்கட்டைப் பிரித்து ஒன்றை நானே தின்றேன்.

"அந்த மெமோவுக்கு மன்னிச்சுடுங்க" என்றேன்.

"அய்ய, விடுங்க சார். நல்ல மெமோ. உங்க எழுத்துலயே அதுதான் மனசுலேர்ந்து நேரா வந்திச்சு. அதுக்கு நான் லைனிங்கே கட்டியிருப்பேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஐந்தாறு வருஷம் முன்னால் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு.

பிறகு அவர் சொன்னார்: "ஆனா சார், இருபத்திரண்டுல ஒண்ணு அசல் தோல். அந்தப் பக்கத்துல நல்ல லைனிங்கா ஒரு துண்டு வெச்சிருந்தனே. பாக்கலியா?"

பிஸ்கட் பாக்கெட்டைக் கீழே வைத்தேன். "எந்தக் கட்டுரை?"

நெடுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்ல சார். துண்டு இருக்குதேன்னு ஞாபகத்துல வெச்சுக்கல. படிச்சுக் காட்டுனா சொல்லிடுவேன்."

படித்துக் காட்டினேன். ஞாயிறுக்கு ஆறு கட்டுரை என்று கணக்கு. எனக்குப் பெருமையானவற்றை முதலில் படித்தேன். ஹாலில் கைதட்டல் வாங்கியது, கல்லூரிக்காரர்கள் பாடத்தில் சேர்த்தது, நானே எழுதிவிட்டுக் கண்கலங்கியது. அவர் மரத்த விரலைப் போர்வையின் மேல் மெல்ல ஓட்டிக்கொண்டே கேட்பார். முடித்ததும் ஒரு நொடி பொறுப்பார். "இது இல்ல சார்." அடுத்தது. "இதுவும் இல்ல." அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையில் நான் எழுதக் கற்றுக்கொண்ட அளவுக்கு அதற்கு முன் இருபது வருஷத்தில் கற்றுக்கொள்ளவில்லை. பதினெட்டு முடிந்தது. பாக்கி நாலு. பத்திரிகையில் இடம் நிரப்ப அவசரமாக எழுதியவை. பாசஞ்சர் ரயிலில் பட்டாணி உரித்த அம்மாள், எங்கள் பள்ளிக்கூட மணி, பக்கத்து வீட்டு ஆடு, அப்பாவின் டிபன் கேரியர்.

நாலாவது ஞாயிறு சென்னையில் எனக்கு ஒரு பாராட்டு விழா. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள். தடவிப் பார்த்தேன், நைலான்.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் போன் செய்தார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் கேட்டுனே இருந்தாரு. புக்கு படிக்கிற சார் வர்லியான்னு" என்றார்.

அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட பதிப்பாளர் கேட்டபோது பதினெட்டையும் எடுத்துவிட்டேன். நாலே கட்டுரை, மெல்லிசான புத்தகம். நாலில் ஒன்று அசல். எது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்போதெல்லாம் எதை எழுதி முடித்தாலும் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, ஒரு நொடி பொறுத்துப் பார்க்கிறேன். "இது இல்ல சார்" என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு மட்டும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.