பழைய சாமான் தரிசனம்

உலகத்தில் நேர்மை அழிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் வாயைக் கழுவிக்கொள்ளட்டும். நேர்மை இருக்கிறது. எங்கள் புறவழிச்சாலை ஓரத்து வாகன நல மையத்தில், ஏசி அறையில், வெல்வெட் துணி விரித்த தட்டில் வைத்திருக்கிறார்கள். நான் கையால் தொட்டே பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிறகு முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். படித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நம்பிக்கைதான் கிடையாது.

வண்டி என் மகளுடையது, பிக்கப். அவள் சலவைக்கூடம் நடத்துகிறாள். ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைத் துணிகளை வெளுத்து தினமும் நாலு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு மாதமாக அந்த வண்டி சூடேறினால் நடுரோட்டில் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. அரைமணி ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இரண்டு நாள் துணி தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளை நம்பி ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

நோய் இன்னதென்று எனக்குத் தெரியும். எஞ்சின் எந்த நேரத்தில் எங்கே சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற டைமிங் சென்சார். கட்டைவிரல் அளவுச் சாமான். அது தேய்ந்துபோய், சூடு பட்டால் ஊமையாகிவிடுகிறது. இதைச் சொன்னதற்கு மகள், “அப்பா, இது உங்க காலத்து லாரி இல்ல. சும்மா கூட வாங்க, போதும்” என்றாள். போனேன்.

அங்கே ஒர்க்‌ஷாப் என்று சொல்லக் கூடாது, கோபித்துக்கொள்வார்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் வரவேற்றார். பதவி, ‘உறவு மேலாளர்’. யாருக்கு யார் உறவு என்று நான் கேட்கவில்லை. எங்களை உட்காரவைத்து ‘குறை கேட்பு அமர்வு’ நடத்தினார். வண்டி எப்போதிலிருந்து ‘அசௌகரியமாக உணர்கிறது’ என்று விசாரித்தார். சென்சார் என்று நான் சொன்னதும், அருமையான யோசனை என்று என்னையே பாராட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை நீட்டினார். வேலை பரம திருப்தி, வண்டியில் இனி ஒரு குறையும் இல்லை, பத்துக்குப் பத்து.

“வேலையே ஆரம்பிக்கலையே தம்பி?”

“வேலை முடிஞ்ச பிறகு கேட்டா சிலர் உணர்ச்சிவசப்பட்டு எழுதிடுறாங்க சார்.”

நியாயம்தான். மகள் கையெழுத்துப் போட்டாள்.

வாடிக்கையாளர்கள் உள்ளே போகக் கூடாதாம். எங்கள் பாதுகாப்புக்காக. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றரை மணி நேரம் பாதுகாப்பாக இருந்தோம். அப்புறம் சீருடை அணிந்த ஒரு பெண் தட்டை ஏந்தி வந்தாள். அதற்குப் பெயர் ‘வெளிப்படைத்தன்மை நிகழ்வு’. உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானை உங்கள் கண்ணிலேயே காட்டிவிடுவது. என் லாரிக் காலத்தில் எந்த மெக்கானிக்கும் இப்படிக் காட்டியதில்லை. கறுத்து, விளிம்பு தேய்ந்து, பார்க்கவே பரிதாபமாகக் கிடந்தது. மகளுக்குக் கண் கலங்கியது. இந்தச் சனியனா என்னை ஒரு மாதம் பாடாய்ப் படுத்தியது என்றாள்.

நான் எடுத்துப் பார்த்தேன்.

“தம்பி, எங்க வண்டி சென்சாருக்கு ஒயர் மாட்டுற முள்ளு மூணு. இதுல ரெண்டுதான் இருக்கு.”

“தேய்மானம் சார்.”

தட்டு அடுத்த மேஜைக்குப் போனது. அங்கே சின்னக் கார் வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர். எங்களிடம் டைமிங் சென்சாராக இருந்தது, அவரிடம் பிரேக் சாமானாகப் பதவியேற்றது. அவரும் அதைப் பார்த்துத் திகிலடைந்து, நல்லவேளை உயிர் தப்பினேன் என்றார். அடுத்த மேஜையில் ஒரு அம்மாவுக்கு அதுவே ஏசிக்குள் இருந்து வந்தது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, சாப்பாட்டு நேரம்கூட இல்லை. அந்த மையத்திலேயே வேலை செய்கிற ஒரே ஆள் அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

டைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அதுதான் நேர்மை.

“அது ஒரு பிரதிநிதி சார். எல்லாப் பழைய பார்ட்டுக்கும் சார்பா வருது.”

அப்படியானால் பானெட்டைத் திறந்து காட்டு என்றேன். திறப்பதற்குப் புதிதாகக் குறை பதிய வேண்டுமாம். ஆனால் எங்கள் வண்டியில் குறையே இல்லை என்று ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “எல்லாரையும் சந்தேகப்படுறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சுப்பா. மணி ரெண்டாச்சு, துணி ஏத்தணும்.”

சரி, வண்டியை நானே வெளியே எடுக்கிறேன் என்று சாவியை வாங்கினேன். எடுத்தேன். வாசல் கேட் வரைக்கும்தான். கேட்டுக்கு நடுவில், வெயிலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் முழுக்கத் திருகிவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் மருந்துக்கடைக்காரரின் கார் ஹாரன் அடித்தது. மகள் ஓடிவந்தாள்.

“என்னப்பா பண்றீங்க?”

“சூடேறட்டும்மா. மேம்பாலத்துல நிக்கிறதுக்கு இங்கேயே நிக்கட்டும். பாலத்துல பின்னால லாரி வரும். எனக்குத் தெரியும், நானே வந்திருக்கேன்.”

அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கோபத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபது நிமிஷம் போனது. பின்னால் ஏழு வண்டி, எதிரே நாலு. டைக்காரர் வந்து கும்பிட்டார். நான் நகர்த்துகிறேன் என்று சொல்லவும், எஞ்சின் பொசுக்கென்று அணையவும் சரியாக இருந்தது. சாவியைத் திருகினேன். சுற்றியது, பற்றவில்லை.

ஆளைக் கூப்பிட்டு ஓரமாகத் தள்ளிவிடலாம் என்றார் டைக்காரர். மகள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டு இறங்கினாள்.

“சென்சார மாத்துங்க. அப்புறம் யார் வேணா தள்ளுங்க.”

உள்ளேயிருந்து கை கறுத்த ஒரு மெக்கானிக் வந்தார். அந்த மையத்தில் அழுக்குக் கையை அப்போதுதான் பார்க்கிறேன். வண்டிக்கடியில் படுத்தார். ஒரே ஒரு போல்ட். பதினொரு நிமிஷத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார். காலையில் என்னதான்யா செய்தாய் என்று கேட்டேன். “கழுவித் துடைக்கச் சொல்லித்தான் எனக்குச் சீட்டு வந்துச்சு பெரியவரே” என்றார். பழையதை என் உள்ளங்கையில் வைத்தார். கை பொரிந்தது. மூன்று முள்ளும் இருந்தன.

முதல் திருகலிலேயே வண்டி பிடித்தது. மகள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மணி மூன்று. துணியை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனால் நாலுக்குள் ஆஸ்பத்திரி. கியரைப் போடும்போது, “மன்னிச்சுக்கங்கப்பா” என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. டைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஒரு சின்ன வேண்டுகோள். அந்தப் பழைய சென்சார எங்களுக்கே குடுத்துட்டுப் போங்களேன்.”

“எதுக்குப்பா உனக்கு?”

“தட்டுல வைக்கத்தான் சார். நிஜமாவே வண்டியில இருந்து கழட்டினது எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல.”