சம்பந்தியம்மாவின் கவுனும் ஹார்லனின் இரும்புப் பெட்டியும்

வெள்ளைப் படுக்கைவிரிப்பு செங்கல் நிறத்தில் திரும்பி வந்ததும் ஹார்லன் அதை இரண்டு தடவை உதறிப் பார்த்தார்.

சனிக்கிழமை மகள் டெல்லாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுப் பண்ணையில். பெண்ணைத் தன் பழைய டிரக்கில்தான் அழைத்து வருவேன் என்று ஹார்லன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அறுபத்தேழாம் வருஷத்து வண்டி. கூரை கிடையாது, கதவும் கிடையாது. மொன்டானாவின் சரளைச் சாலையில் அது கிளப்பும் புழுதி அடுத்த ஊர்வரை தெரியும்.

அந்த வண்டியில்தான் கல்யாண கவுனும் வர வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஆர்டிஸுக்கு அவருடைய மாமியார் கொடுத்த லேஸ் கவுன். இப்போது டெல்லாவின் முறை. அதற்காக வண்டியின் பின்பக்கத்தில் பிளைவுட் பெட்டி ஒன்று அடித்து, படுக்கைவிரிப்பை உள்ளே வைத்து ஒரு சுற்றுப் போய் வந்திருந்தார் ஹார்லன்.

"கவுனை அம்மா கார்ல அனுப்பிடலாமேப்பா" என்றாள் டெல்லா.

"பொண்ணு ஒரு வண்டி, கவுன் ஒரு வண்டியா? நல்லாவா இருக்கும்?"

மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார். புழுதி நின்றது. ஆனால் ரப்பரின் தடிமனில் மூடி சரியாகப் படியவில்லை. முதல் பள்ளத்திலேயே அது வாயைப் பிளக்க, விரிப்பு பறந்துபோனது. தேடிக்கொண்டு போனபோது பக்கத்துப் பண்ணைக் காளை அதை முக்காடாகப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றது.

"எனக்கு முன்னாடியே ஒருத்தர் ரெடியாயிட்டாங்க போல" என்றாள் டெல்லா.

ஹார்லன் கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டார். பூட்டைப் பார்த்த யாரோ உள்ளே பெரிய சரக்கு இருப்பதாக எண்ணியிருக்க வேண்டும். அவர் கடைக்குள் திருகாணி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குமேல் அவர் அரைகுறை வேலை செய்யவில்லை. கனமான இரும்புத் தகட்டில் பெட்டி. தரையோடு முடுக்கிய போல்ட்டுகளும் கீலும் உள்பக்கம். துளைபோட முடியாத பூட்டு. வண்டியின் பின்பாகம் அமுங்கி, விமானம் கிளம்பப்போவதுபோல மூக்கு மேலே தூக்கியது. ஹார்லனுக்கு அதுவும் அழகாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை ஆர்டிஸே கவுனைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் வைத்துப் பூட்டிக் காட்டினார் ஹார்லன். ஆர்டிஸ் கண் கலங்கிப் பாராட்டினார். ஹார்லன் டை கட்ட வீட்டுக்குள் போன நேரத்தில்கூட, அவர் நகராமல் வண்டியருகே காவல் நின்றார்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாவி பாதிக்குமேல் உள்ளே போகவில்லை.

எண்ணெய் விட்டார். தட்டினார். திருகினார். சாவி முறிந்தது. கடப்பாரை நுழைய இடுக்கே இல்லை, அப்படிக் கச்சிதமாகச் செய்திருந்தார். தகட்டை அறுக்கலாம் என்றான் மாப்பிள்ளையின் நண்பன். தீப்பொறி பட்டால் லேஸ் என்னாகும் என்று அவனை விரட்டினார். பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஆர்டிஸின் மாமியார், கவுன் எங்கே என்று உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் டெல்லா வரும்போது போட்டிருந்த நீலப் பருத்தி உடையிலேயே, பூட்ஸ் காலோடு நடந்துபோய்க் கல்யாணம் செய்துகொண்டாள். சிரித்த முகமாகத்தான் இருந்தாள். மகளின் கையைப் பிடித்து அழைத்துப்போன ஹார்லன் தலையை நிமிர்த்தவேயில்லை.

விருந்தில் இறைச்சித் தட்டை வாங்கிக்கொண்டு கொட்டகை ஓரமாக ஒதுங்கினார். ஆர்டிஸ் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்க குடும்பச் சொத்து சம்பந்தியம்மா. என் வீம்பால இப்படி ஆயிடுச்சு. எந்த முகத்தோட உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியல."

ஆர்டிஸ் மாமியார் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க சம்பந்தி, அந்தக் கண்ராவியை மாட்டிக்கிட்டு நான் நின்ன கதி உங்க பொண்ணுக்கும் வர வேணாம்னு, காலையில பூட்டுக்குள்ள பசையை ஊத்தினதே நான்தான்."