இருநூறு மீற்றருக்குள் ஒரு கொலு

கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் எவரும் எதையும் புதிதாகக் கட்டக்கூடாது என்று, சுனாமிக்கு அடுத்த வருசம், பொதுமக்களின் உயிர்மீது கொண்ட அளவிலாக் கருணையினால் அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. பாண்டிருப்பில் இருந்த சுஜித்தா அந்த உத்தரவை மதித்தே நடந்தாள். கடல் கொண்டுபோனது போக அவளுடைய வீட்டில் ஒரேயோர் அறைதான் நின்றது. அதற்குள் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அவளும். அந்த அறையின் பரணில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் கொலுப் பொம்மைகள், ஒரு கீறல்கூட இல்லாமல்.

புரட்டாதியில் நவராத்திரி வந்தது. அகதியாகப் பள்ளிக்கூட வகுப்பறையில் மாதக்கணக்காகக் கிடந்துவிட்டு வந்தவள், ஒன்பது நாளைக்காவது வீடு வீடு மாதிரி இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். நிவாரணம் வந்த மரப்பெட்டிகளை அடுக்கி ஐந்து படி ஆக்கினாள். அதே வகுப்பறையில் பக்கத்துப் பாயில் கிடந்து சிநேகமான மருதமுனை நதீரா, தன் தறியில் நெய்த சிவப்புத் துணியைக் கொண்டுவந்து படிகளில் விரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், ஊரின் அரசாங்க அலுவலரான விதானையார் அழகரெத்தினம் கும்பிட வந்தார். கண்ணை மூடி உருகினார். கடலையை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எத்தனை படி என்று அன்பாக விசாரித்தார்.

"அஞ்சு படி கட்டின, ஐயா."

கட்டின என்ற சொல் காதில் விழுந்ததும் விதானையாருக்குள் இருந்த பக்தர் எழும்பிப் போனார். உத்தியோகத்தர் வந்து உட்கார்ந்தார். சட்டவிரோதக் கட்டுமானம் என்று பதிந்தால் வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து பேர் வெட்டுப்படும் என்று மிகுந்த மன வருத்தத்தோடு தெரிவித்துவிட்டு, மிச்சக் கடலையையும் கடதாசிச் சரையில் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் அளவுநாடாவோடு வந்தார். அலை நனைத்த இடத்திலிருந்து இழுத்துக்கொண்டே வந்து, வாசலில் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நுழைந்தார். இருநூறாவது மீற்றர் மூன்றாம் படியின் விளிம்பில் முடிந்தது. மேல் மூன்று படிகளும் தப்பிவிட்டன. கடல்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கீழ் இரண்டு படிகளும் தடைவலயத்துக்குள் அகப்பட்டன.

"சாமிமாருக்குப் பிரச்சினை இல்ல, தங்கச்சி. அவங்க சட்டத்துக்கு வெளியாலதான் இருக்காங்க. கீழ இருக்கிற சனந்தான் எழும்ப வேணும்."

"அதுகள் மண் பொம்மை, ஐயா."

"மண்ணெண்டா இன்னும் மோசம். தண்ணி வந்தாக் கரைஞ்சிரும்."

அப்படியானால் கரையில் யார்தான் இருக்கலாம் என்று பக்கத்தில் நின்ற நதீரா கேட்டாள். உல்லாச ஹோட்டல் என்றால் விசேட அனுமதி உண்டு என்றார் அவர். கீழ்ப்படியில் இருந்த செட்டியார் பொம்மையை ஹோட்டல் முதலாளி என்று பதிந்துவிடும்படி நதீரா சொன்னாள். விதானையார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்து, அது வேறு படிவம், கொழும்பில்தான் எடுக்கவேண்டும் என்றார்.

கடைசியில் இடம்பெயர்ந்தோர் படிவத்தைத்தான் நிரப்பினார். குடும்பத் தலைவர் செட்டியார், மனைவி செட்டிச்சி, மேளக்காரர் ஆறு பேர், பசு ஒன்று, கன்று ஒன்று, மொத்தம் பத்து அங்கத்தவர். பொலிஸ்காரர் பொம்மையை மட்டும் அவர் தொடவில்லை. அரச உத்தியோகத்தர் கடமையில் இருக்கலாமாம்.

பத்துப் பேரையும் சுஜித்தா மூலையில் ஒரு பாயில் வரிசையாக இருத்தினாள். இவங்க எப்ப வீட்ட போவாங்க என்று சின்னவள் கேட்டாள். சுஜித்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சரஸ்வதி பூசையன்று பாயிலும் ஒரு தட்டு அவல் வைத்தாள்.

தை மாதம் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. சுஜித்தாவின் குடும்பத்துக்கு ஓர் அறை எஞ்சியிருப்பதால் வீடு இல்லை என்றது முதலாவது. தடைவலயத்திலிருந்து எழுப்பப்பட்ட செட்டியார் குடும்பத்துக்கு நாவிதன்வெளிப் பக்கம் காணியும் வீடும் ஒதுக்கப்பட்டிருப்பதாக இரண்டாவது அறிவித்தது. செட்டியாரால் கையெழுத்துப் போட முடியாதென்பதை அலுவலகம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. பாதுகாவலர் என்ற இடத்தில் சுஜித்தா கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதத்தில் அங்கே அத்திவாரமும் வெட்டினார்கள்.

சேதி பரவியது. நவராத்திரிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்க, கரையோரம் முழுக்கக் கொலு எழும்பியது. ஐந்து படி, ஏழு படி, ஒன்பது படி. எல்லாம் கடல்பக்கம் பார்த்து. முஸ்லிம் ஊரான மருதமுனையில், மார்க்கத்தில் பொம்மைக்கு இடமில்லாததால் வெறும் படியை மட்டும் கட்டி, அதில் தறியில் நெய்த சாரங்களை அடுக்கினார்கள். நதீரா வீட்டில் ஆறு படி.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் இன்னொரு முறை கருணை காட்டி, இருநூறு மீற்றரைப் பெருமளவு குறைத்துவிட்டது. இனி எல்லோரும் அவரவர் இடத்திலேயே வீடு கட்டலாம். கரையிலிருந்து எழும்பவேண்டியவர்களின் ஆபத்துப் பட்டியலும் ரத்து. செட்டியாரின் அத்திவாரம் அத்திவாரமாகவே நின்றது.

ஊர் கொதித்துப் போனது. முந்நூறு பேர் ஊர்வலமாக மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனார்கள். "எங்கள் ஆபத்தை எங்களுக்கே திருப்பித் தா" என்று எழுதிய கைத்தறித் துணியின் ஒரு முனையைச் சுஜித்தாவும் மறுமுனையை நதீராவும் பிடித்திருந்தார்கள்.

மனுவை வாங்க வெளியே வந்தவர் விதானையார்தான். முழுவதையும் நிதானமாக வாசித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, கடைசிப் பேருக்குக் கீழே தன்னுடைய பேரையும் எழுதி, வீட்டில் பதினொரு படி என்று அடைப்புக்குறிக்குள் குறித்தார்.