வாசலில்லாத கடைக்கு வலது கால்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கும் அந்த மூன்று மாடி வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து, "இதுக்கு எந்தப் புண்ணியவான்பா பிளான் போட்டான்?" என்று நீங்கள் எப்போதாவது கேட்டிருந்தால், இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். நான்தான். புண்ணியவான் இல்லை, புண்ணியவதி.

கோயம்புத்தூரில் சிவில் படித்து முடித்து வந்த புதுசு. இண்டூரில் எங்கள் வீட்டு முன்னால் 'பி.இ.' போட்டு ஒரு போர்டு மாட்டியிருந்தேன். எட்டு மாதமாக அந்த போர்டுக்குப் பின்னால் சிலந்தி மட்டும்தான் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அப்பாவின் சிநேகிதர் கரீம் பாய் மெயின் ரோட்டில் இடம் வாங்கினார். சந்துக்குள் முப்பது வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். கீழே தன் கடை, மேலே வாடகைக் கடைகள், முகப்பில் விளம்பர போர்டுகள் என்று ஒரு கட்டடம் கட்ட ஆசைப்பட்டார். தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பா, மடையைக்கூடத் திருப்பாமல் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

"எம் பொண்ணு கட்டுவா பாய். சரியில்லன்னா என்னையக் கேளுங்க."

(கேட்டார்கள். ஊரே கேட்டது. அதற்கு வருகிறேன்.)

நான் செய்த முதல் காரியம் படம் போட்டது. கம்ப்யூட்டரில் வரைந்து, ஆளுயரத்துக்கு மேல் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து, காலி மனையில் நிறுத்தினேன். கண்ணாடிக் கட்டடம். முன்னால் நீரூற்று. இரண்டு பேரீச்சை மரம். கையில் பை வைத்துக்கொண்டு நாலு வெள்ளைக்காரர்கள். ஒரு நாய். வெள்ளைக்காரர்களையும் நாயையும் இணையத்தில் எடுத்து ஒட்டினேன். படத்தில் காலியாக இருந்த இடத்தை அடைக்கத்தான், வேறு உள்நோக்கம் இல்லை. ஆனால் ஒன்றரை வருஷம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஊர் மனப்பாடம் பண்ணிவிட்டது. பாப்பாரப்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் என் சின்னம்மா, "அந்த வெள்ளக்காரங்கல்லாம் எங்க தங்குவாங்க பாப்பா, லாட்ஜிலயா?" என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

கட்ட ஆரம்பித்ததும் நீரூற்று பைக் நிறுத்துமிடமானது. பேரீச்சை தொட்டியிலேயே கருகியது. இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். நான் செய்த தனிப்பெரும் சாதனை வேறு. முகப்பு முழுக்க விளம்பரம்தான் இருக்க வேண்டும், ஒரு அடிகூட வீணாகக் கூடாது என்று முடிவு செய்து, வாசலைத் தூக்கிப் பக்கத்துச் சந்துக்குள் வைத்துவிட்டேன்.

கட்டட வேலை பார்த்த மாது மேஸ்திரி பிளானை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"எஞ்சினியரம்மா, வாச எங்கிங்க?"

"சந்துல இருக்கு மேஸ்திரி."

"வாச சந்துல இருந்தா ஜனங்க எப்பிடிங்க வருவாங்க?"

"தேடி வருவாங்க. வெளிநாட்டுல எல்லாம் இப்பிடித்தான்."

(நான் அதுவரை பார்த்த வெளிநாடு, ஓசூர் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளி.)

மேஸ்திரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கட்டடத்தை மூடியிருந்த பச்சை வலையை அவிழ்த்தோம். எதிர் டீக்கடையில் ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். வலை விழுந்தது. அப்புறம் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "என்னாப்பா இது, ஃபிரிட்ஜ வாங்கி நட்டமா நிறுத்துன மாதிரி இருக்குது?" என்றார். வெள்ளைச் சுவர், அதன்மேல் காலியான இரும்புச் சட்டங்கள், ஒரு ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. உண்மையில் ஃபிரிட்ஜுக்காவது கதவு உண்டு. சாயங்காலத்துக்குள் பழைய படத்தையும் புதுக் கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். 'நாய் எங்கே?' என்று கீழே ஒரு வரி. என் கல்லூரித் தோழி சென்னையிலிருந்து அதை எனக்கே அனுப்பி, "உங்க ஊர்ல யாரோ ஒரு லூசு" என்று சிரித்திருந்தாள். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன்.

சிரிப்பு அதோடு சரி. பாய் பழைய கடையைக் காலி செய்துவிட்டார். சரக்கு மொத்தமும் புதுக்கடையில். ரம்ஜான் வியாபாரத்துக்கு இருபது நாள். அந்த வாரம் முழுக்க ஆட்கள் கட்டடத்தின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் வேல முடியலபோல" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாத்துக்கலாம்மா" என்றார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் கடை படுத்தால் அப்பா கொடுத்த வாக்கும் சேர்ந்து படுத்துவிடும்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஏறவே இல்லை, கட்டடத்தை நேரில் வந்து பார்த்ததும் இல்லை. முதல் போணி அவர் கையால்தான் நடக்க வேண்டும் என்று பாய் கேட்டுக்கொண்டிருந்தார். பாயின் பழைய கடையிலும் அப்பாதான் முதல் போணி, கைராசிக்காரர். அதனால் திறப்பு விழா அன்று காலையில் அப்பா இரண்டு வேன் நிறைய இண்டூர் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் பாயும் சந்து வாசலில் ரிப்பன், கத்தரிக்கோல், சர்க்கரைத் தட்டோடு காத்திருந்தோம். பத்து நிமிஷம் ஆகியும் யாரையும் காணோம். வேன் வந்த சத்தம் கேட்டதே என்று முன்பக்கம் ஓடினேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று விடியற்காலையில்தான் முதல் விளம்பரம் மாட்டியிருந்தார்கள். ஒரு மரக்கதவுக் கம்பெனி விளம்பரம். நட்ட நடுவில், தரையிலிருந்து ஆரம்பித்து, அசல் அளவில் ஒரு தேக்குக் கதவு. பித்தளைக் கைப்பிடி, கீழே படிகூட இருந்தது. நானே கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன். ஆபத்து எதுவும் தோன்றவில்லை. (பி.இ.)

நான் போய்ப் பார்த்தபோது அப்பா அந்தக் கதவின் முன்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பின்னால் இருந்த அத்தனை பேரும் கழற்றினார்கள். நாற்பது ஜோடி செருப்பு, ஒரு படத்துக்கு முன்னால் வரிசையாக. எதிர் டீக்கடையில் போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின.

"எம் பொண்ணு கட்டுனது, வாங்க வாங்க" என்று அப்பா எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் என் டிகிரி வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

"அப்பா, அது கதவு இல்ல" என்று கத்த வாய் திறந்தேன்.

அதற்குள் அப்பா வலது காலை எடுத்து வைத்தார்.

ஃபிளெக்ஸ் டர்ரென்று கிழிந்தது. கால் முட்டிவரைக்கும் உள்ளே போனது. வேட்டி இரும்புச் சட்டத்தில் மாட்டி அதுவும் கிழிந்தது. உள்ளே திமுதிமுவென்று என்னவோ சரிந்து விழ, கடைக்குள் இருந்த விற்பனைப் பெண்கள் அலறினார்கள். அப்பா ஒற்றைக் காலில் நின்றபடி கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அது படம், கையில் சிக்கவில்லை. பின்னால் இருந்த சின்னம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மொத்த ரோடும் என் அப்பாவையே பார்த்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். நான் போட்ட அஸ்திவாரமாயிற்றே, அது எங்கே பிளக்கும்.

அப்பா என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்:

"உள்ள காத்து நல்லா வருது பாப்பா."

எனக்குப் புரியவில்லை. அங்கே ஒன்பது அங்குலச் சுவர் அல்லவா இருக்க வேண்டும், ஏசி காற்று எப்படி வரும்? அப்போது மாது மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் திருட்டு முழி.

"கோவிச்சுக்காதிங்க எஞ்சினியரம்மா. மனசு கேக்கலிங்க. அந்த எடத்துல மேல செவுத்தத் தாங்க லிண்டல் ஓட்டிட்டு, கீழ வெறும் செங்கல்லத்தான் அடுக்கி வெச்சேன். கலவ போடல. உள்பக்கம் துணியத் தொங்கவுட்டு மறச்சுட்டேன். என்னிக்கா இருந்தாலும் இங்க ஒரு வாச கேப்பிங்கன்னு தெரியும்."

கதவுக் கம்பெனிக்காரனும் படத்தை அதே இடத்தில்தான் மாட்டியிருந்தான். அந்தக் கட்டடத்துக்கு வாசல் எங்கே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

அதற்குள் பாய் சந்திலிருந்து கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். கிழிந்த கதவைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தபடியே அந்தக் கத்தரிக்கோலால் மிச்ச ஃபிளெக்ஸை மேலிருந்து கீழே வெட்டினார். ரிப்பனுக்குப் பதில் அதுதான் வெட்டப்பட்டது.

"எல்லாரும் ஆளுக்கு நாலு கல்லு எடுங்க" என்றார் அப்பா. இண்டூர்க்காரர்கள் வரிசை கட்டி நின்று கைக்குக் கை செங்கல் மாற்றினார்கள். வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஃபிரிட்ஜ் என்று சொன்னவர்தான் முதல் ஆள். கால் மணி நேரத்தில் வழி திறந்தது. உள்ளே விளக்கும் சேலைகளும் பளிச்சென்று ரோடுவரை தெரிந்தன. "அட, உள்ள இவ்வளவு பெரிய கடையா!" என்று யாரோ சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. கல் எடுத்த கூட்டம் அப்படியே உள்ளே போனது. அந்த ரம்ஜானுக்குப் பாய் கடையில் நிற்க இடமில்லை. வீடியோவில் பார்த்த கிழிந்த கதவைப் பார்க்க வந்தவர்கள்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை.

முதல் போணி அப்பா கையால்தான் நடந்தது. அவருக்கு ஒரு வேட்டி. வேறு வழியில்லை.

இப்போது அங்கே நிஜத் தேக்குக் கதவு இருக்கிறது. ஆனாலும் பாப்பாரப்பட்டி பஸ் கண்டக்டர், "கிழிஞ்ச கதவெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார். கட்டடத்துக்கு நான் வைத்த இங்கிலீஷ் பெயர் எனக்கே மறந்துவிட்டது. மாது மேஸ்திரி இல்லாமல் நான் வேலை எடுப்பதில்லை. பேப்பரில் முதலில் வாசலைத்தான் வரைகிறேன்.

போன வைகாசியில் எனக்குக் கல்யாணம். தொப்பூரில் மாப்பிள்ளை வீடு. ஆலம் சுற்றி முடித்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்து, "வலது கால எடுத்து வெச்சு உள்ள வாம்மா" என்றார். வாசல் முழுக்கச் சொந்தபந்தம், கேமராக்காரர் வேறு. நான் தலையைக் குனிந்து, வெட்கப்பட்டு, காலைத் தூக்கிவிட்டேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மொதல்ல கையால தள்ளிப் பாத்துட்டு வைய்யி பாப்பா."