காவ்யாவுக்கு முன்னுரை, பிரவீனுக்கு முடிவுரை

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் தமிழ் படித்த நான்கு பேரும் ஒரே தேர்வில், ஒரே நாளில் ஃபெயிலானார்கள். அதைவிடக் கேவலம், நான்கு விடைத்தாள்களிலும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். (எம்.ஏ. தமிழுக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சத்தமாகப் பேச வரும் என்றேன், எடுத்துக்கொண்டார்கள்.) லைன் என்றால் வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒருவர் தோள் மட்டும் சேர்ப்பார், அடுத்தவர் கழுத்துப் பட்டி மட்டும் வைப்பார், அதற்கடுத்தவர் கை மட்டும் ஏற்றுவார், கடைசி ஆள் அடி மடிப்பார். ஆளுக்கு ஒரு வேலை, கம்பெனிப் பேச்சில் ஒரு 'ஆபரேஷன்'; யாருமே முழு பனியன் தைப்பதில்லை. ஆனாலும் வரிசையின் கடைசியில் முழு பனியன் வந்து விழும். அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இருந்த பக்தி கொஞ்சநஞ்சமல்ல.

கொரோனா இரண்டாம் அலைக்காகப் பள்ளிகளை மூடியிருந்தார்கள். திருப்பூர் ராயபுரத்தில் இருந்த என் அக்கா மகள் காவ்யா ப்ளஸ் டூ. மற்ற பாடங்களில் கெட்டிக்காரி, தமிழ் மட்டும் தகராறு. அவள் அப்பா, அதாவது என் மாமா, சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் நடத்துபவர். தைத்து வரும் பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டையும் கறையும் கண்டால் ஒதுக்கிப் போடும் இடம் அது.

"எல்லாப் பாடத்துலயும் நல்ல மார்க் வந்துச்சுன்னா கோயமுத்தூர் காலேஜு. ஒண்ணுல கொறஞ்சாலும் நம்ம செக்கிங் டேபிளுக்கு வந்துரு கண்ணு" என்று மாமா கனிவாகச் சொல்லியிருந்தார். அவர் கோபமாகச் சொன்னால் மறுநாள் மாறிவிடும். கனிவாகச் சொன்னால் மாறாது.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நீதான் தமிழ் படிச்சவளாச்சே, போன்லயே சொல்லிக் குடு." காவ்யா தன் பங்குக்கு விடுதி மூடியதால் ஊருக்குப் போய்விட்ட மூன்று தோழர்களையும் சேர்த்துக்கொண்டாள்: வெள்ளகோவிலில் பிரவீன், சாமளாபுரத்தில் ரெஜினா, பல்லடத்தில் தர்ஷினி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் வகுப்பு.

முதல் வாரம் என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நான் பாட்டின் பொருள் சொன்னால் பிரவீன் வீட்டுச் சேவல் பதில் சொல்லும். தர்ஷினியின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். நான் பத்து நிமிடம் அவள் ரசித்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்துவேன். ரெஜினா வீட்டில் தறி. அவள் குரல் கேட்க வேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும். தறி நின்றால் கரண்ட் போயிருக்கும். கரண்ட் போனால் அவள் வீட்டு வைஃபையும் போய்விடும். ஆக, அந்தப் பெண்ணின் குரலைக் கேட்க விஞ்ஞானத்தில் வழியே இல்லை.

ஒரு நெடுவினாவின் விடை முழுசாக யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஒருத்திக்குத் தொடக்கம் கேட்டது, இன்னொருவனுக்குக் கடைசி கேட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.)

"இத பாருங்க. இனிமே ஆளுக்கு ஒரு ஆபரேஷன்" என்று அறிவித்தேன். "காவ்யா முன்னுரை. தர்ஷினி பொருள் விளக்கம். ரெஜினா மேற்கோள். பிரவீன் முடிவுரை. அவங்கவங்க பகுதிய மட்டும் வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பறேன். அதுல புலியாகிருங்க."

"ஏனுங்க சித்தி, பரீட்சைல எப்புடீங்க?" என்று காவ்யா கேட்டாள்.

"மொதல்ல உன்ற ஆபரேஷன்ல வேகம் வரட்டும். அப்புறம் மாத்தி மாத்திப் படிச்சுக்கலாம்" என்றேன்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. காரணம், முடிவுகள் அப்படி இருந்தன. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வியைப் போடுவேன். நான்கு பேரும் தங்கள் பகுதியை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். வரிசையாக அடுக்கிப் படித்தால் எனக்கே புல்லரிக்கும். கம்பெனி ஸ்டாப்வாட்சை வைத்து நேரம் பார்த்தேன். ஒரு நெடுவினா ஆறே நிமிடம்! இரண்டு மாதத்தில் பாடப்புத்தகமே முடிந்தது. மாதிரித் தேர்வு வைத்துத் திருத்தி, மார்க்கை அக்காவுக்கு அனுப்பினேன். தொண்ணூற்றாறு. யாருடைய மார்க் என்று அக்கா கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பள்ளி திறந்தது. முதல் திருப்புதல் தேர்வு வந்தது. காவ்யா வீட்டுக்கு வந்ததும் போனில் கேட்டேன்.

"தமிழ் எப்படி கண்ணு?"

"என்ற பகுதிய சூப்பரா எழுதீட்டனுங்க சித்தி."

நான் நிம்மதியாகக் காபி குடித்தேன்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து மாமாவுக்கு அழைப்பு. பெற்றோரோடு, 'தமிழ் சொல்லிக் கொடுத்த அந்த அம்மாவும்' வர வேண்டுமாம். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். (இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அக்காவிடம் அந்தப் போட்டோ இருக்கிறது.)

தமிழ் ஐயா மெலிந்த மனிதர், அதிராமல் பேசுபவர். மேஜை மேல் நான்கு விடைத்தாள்களை வரிசையாக வைத்திருந்தார். காவ்யா கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீங்கதானுங்களா அது?" என்றார் ஐயா. "இதக் கொஞ்சம் படிங்க."

காவ்யாவின் தாள். ஒவ்வொரு நெடுவினாவுக்கும் அழகான முன்னுரை. ஒவ்வொன்றும் 'அதனைப் பின்வருமாறு விரிவாகக் காண்போம்' என்று முடிந்தது. அதன் கீழே அரைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பிறகு அடுத்த கேள்வியின் முன்னுரை.

"எடம் விட்டு வெச்சிருக்குதுங்க புள்ள. பின்னாடி யாரோ வந்து எழுதுவாங்களாட்ட இருக்குது" என்றார் ஐயா.

தர்ஷினியின் தாள் 'மேலும்' என்று தொடங்கியது. ரெஜினா ஒரு பக்கத்துக்கு வெறும் மேற்கோளாக எழுதி, ஒவ்வொன்றின் கடைசியிலும் 'எனப் பாடுகிறார் புலவர்' என்று முடித்திருந்தாள். எந்தப் புலவர், எதற்குப் பாடினார் என்ற பேச்சே இல்லை. பிரவீன் எல்லாக் கேள்விக்கும் நேராக 'இதுகாறும் கண்டவற்றால் இது தெள்ளத்தெளிவாகப் புலனாகிறது' என்று எழுதிவிட்டு எழுந்து போயிருந்தான்.

"எதுங்க புலனாகுது?" என்று ஐயா என்னைக் கேட்டார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சத்தியமாக விளங்கவில்லை. நான்கு தாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது அருமையான ஒரு விடைதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. "ஐயா, வரிசையா வெச்சுப் படிங்க. தரம் எப்படி இருக்குதுன்னு நீங்களே பாருங்க" என்று பெருமையோடு சொன்னேன்.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பக்கத்தில் இருந்த மாமாதான் வாயைத் திறந்தார். அவர் எட்டாவதோடு நின்றவர்.

"அம்மிணி, நீ லைன் போட்டிருக்கற" என்றார். "நாலு டெய்லரு சேந்தா ஒரு பனியன் வரும். சரி. பரீட்சைல ஆளுக்கு ஒரு முழு பனியன் குடுக்கோணும் சாமி. இவங்க ஆளுக்கு ஒரு கையி, ஒரு கழுத்துன்னு குடுத்துட்டு வந்திருக்கறாங்க. நம்ம டேபிளுக்கு இது வந்தா நாலையும் ரிஜெக்ட்டுல போடுவேன்."

அப்போதுதான் உறைத்தது. எட்டாவது படித்தவருக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கியது, எம்.ஏ. படித்தவளுக்கு மூன்று மாதமாக விளங்கவில்லை. பட்டுச் சேலையோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதைவிட, கதவோரம் நின்ற காவ்யாவைப் பார்க்கத்தான் முடியவில்லை. அந்தக் குழந்தை அன்றே கேட்டது, பரீட்சையில் எப்படி என்று. நான்தான் காதில் வாங்கவில்லை. அவளுடைய கோயமுத்தூரை என் ஸ்டாப்வாட்சுக்குக் காவு கொடுத்துவிட்டேன்.

"தப்பு என்னுதுங்க மாமா. புள்ளய ஒண்ணும் சொல்லீறாதீங்க" என்றேன்.

மாமா காவ்யாவைக் கூப்பிட்டார். கனிவாகத்தான் கூப்பிட்டார். அவர் பேசுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, முழுப் பரீட்சை வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறம் எங்க உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்கறனுங்க."

மாமா அவளையும் அந்த அரைப் பக்க வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார்.

அன்று சாயங்காலமே அவர்களுக்குப் புதுத் திட்டம் போட்டுக் குரூப்பில் அனுப்பினேன். போகவில்லை. நெட் கோளாறு என்று போனை அணைத்துப் போட்டேன். இரண்டு நாள் ஜன்னலோரம், மொட்டை மாடி எல்லாம் ஏறி இறங்கினேன். சிம் கார்டைக் கழற்றித் துடைத்தேன். மூன்றாம் நாள்தான் திரையில் சின்னதாக இருந்த வரியைப் படித்தேன். காவ்யா என்னைக் குரூப்பிலிருந்து நீக்கியிருந்தாள்.

நால்வரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிறகு அக்கா சொன்னாள். மதிய இடைவேளையில் பிரவீன் முடிவுரை எடுப்பானாம், ரெஜினா மேற்கோள் ஒப்பிப்பாளாம். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் ரெஜினாவின் குரல் கணீரென்று இருக்குமாம். அதைக் கேட்க எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

நான்கு பேரும் பாஸ். காவ்யாவுக்குத் தமிழில்தான் அதிக மார்க். மாமா மார்க் பட்டியலை விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை தேடுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கோயமுத்தூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் அடுப்படிக்குள் போய் அழுது முடித்துவிட்டு வந்தேன்.

காவ்யா இப்போது படிப்பை முடித்துவிட்டாள், என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். மாமாதான் விடுவதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைப்பார்.

"எங்க கொழுந்தியாளுங்க. எம்.ஏ. தமிழு. கொரோனா சமயத்துல நாலு புள்ளைங்களுக்கு ஒரே ஒரு விடையச் சொல்லிக் குடுத்தாங்க."

வந்தவர் குழம்பிப்போய், "அப்ப மத்த மூணு பேருங்க?" என்பார்.

"இல்லீங்க, அந்த ஒண்ணத்தான் நாலு பேருக்கும் பிரிச்சுக் குடுத்தாங்க" என்பார் மாமா.