அழிச்சதெல்லாம் எங்க போகுது, பெரியம்மா?

அன்புச் செல்வம் சிட்டுவுக்கு,

பெரியம்மாவின் ஆசிகள். நானும் உன் பெரியப்பாவும் நலம். என் முழங்கால் வலி எங்கள் இருவரையும்விட நலமாக இருக்கிறது. உன் அம்மா, அதாவது என் அருமைத் தங்கை, என்னைப் பற்றிப் போனில் ஏதாவது சொல்லியிருந்தால் அதில் பாதியைத் தள்ளிவிடு. மீதியை நானே சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்காது. பள்ளியில் சேராத வயதில் ஒருநாள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பாடம் முடிந்து நான் கரும்பலகையைத் துடைத்ததும், "அழிச்சதெல்லாம் எங்க போகுது, பெரியம்மா?" என்று கேட்டாய். துணியில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். நீ துணியை வாங்கி உதறிப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூடக் கீழே விழவில்லை என்று அழுதாய். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குப் போன வாரம்தான் கிடைத்தது. அதைத் தந்தவளும் நீதான். அதற்கு நன்றி சொல்லத்தான் நீ பழக்கியபடி ஒரு புதுப் பக்கம் திறந்து, ஒரு விரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சங்கம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் வேலை. மருந்துக்கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளோடு பங்குபோட்டுக்கொண்ட ஓர் அறைதான் அலுவலகம். மருந்துக்கடைக்காரர் பொருளாளர், நான் செயலாளர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தலைவர். அவர் மெதுவாகப் பேசினாலே தெரு முழுக்கக் கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் ஹாரன் அண்ணன். ஒரு வண்டி மாற்றிவிட ஏழெட்டுப் போன் பேசிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கென்றே இணையத்தில் இலவசமாக எத்தனையோ வசதிகள் இருக்கின்றன என்று சொல்லி, கூட்டம் நடத்த ஒன்று, நன்றிக் கடிதம் அனுப்ப ஒன்று, யார் யாரை எப்போது கூட்டிப்போவது என்று எல்லோரும் எழுதிப் பார்க்கும் பொதுப் பக்கம் ஒன்று என நீ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

முதலில் கூட்டம். "இந்த மாசக் கூட்டம் இணையத்தில்" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். அத்தனை பேரும் இணையத்தில் கலந்துகொள்ள நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துப் பேசினோம். ஹாரன் அண்ணன் "வணக்கம்" என்றார். அந்த வணக்கம் ஒவ்வொரு போனிலிருந்தும் ஒருமுறை வந்து, வந்ததெல்லாம் மறுபடி போன்களுக்குள் போய், அறைக்குள் ஒரு மாநாடே நடந்தது. "நெட் ரொம்ப நல்லா இருக்கு டீச்சர், நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரியே கேக்குது" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

அடுத்தது நன்றிக் கடிதம். நமக்கு யார் என்ன எழுதினாலும் உடனே நன்றி சொல்லி ஒரு கடிதம் தானாகப் போகும்படி நீ வைத்தது அருமையான ஏற்பாடு. ஆனால் நமக்குச் சக்கர நாற்காலி கொடுத்த ஒரு சங்கத்திலும் உன்னைப் போல ஒரு புத்திசாலிப் பெண் இருந்திருக்கிறாள். நம்முடைய நன்றிக்கு அவர்கள் கணினி நன்றி சொல்ல, அந்த நன்றிக்கு நம்முடையது நன்றி சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மனிதர்கள் யாரும் தலையிடாமல் இரண்டு இயந்திரங்களும் ஒன்றையொன்று போற்றிக்கொண்டே இருந்தன. திங்கள்கிழமை பொருளாளர் அதைப் பார்த்துவிட்டு, "என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் வாழ்த்தலை" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பொதுப் பக்கத்தில் நான் செய்ததற்குச் சிரிக்க முடியாது. மாதம் முழுவதற்குமான பயணங்களை எல்லோரும் அதில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். அன்று மாலை வேலையை முடித்துவிட்டு எழுந்தவள், பக்கம் நிறைய எழுத்து இருப்பதைப் பார்த்தேன். கரும்பலகையைத் துடைக்காமல் வகுப்பை விட்டு வெளியேறும் ஆசிரியரை நான் ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அடுத்து வருகிறவருக்குச் சுத்தமாக விட்டுப் போக வேண்டாமா? முழுவதையும் நீல நிறமாக்கி, ஒரே தட்டில் துடைத்துவிட்டு, கையைக்கூடத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் ஹாரன் அண்ணனின் போன். "என்ன டீச்சர், இன்னைக்கு ஒருத்தர் பேரும் காணோம்? எல்லாருக்கும் ஒடம்பு சரியாயிடுச்சா?" அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஓய்வு கிடைத்ததென்று காரின் சக்கரத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டார். நான் துடைத்தது கரும்பலகை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று தையலக்காவின் முறை என்பது மட்டும் நினைவிருந்தது. சந்தை வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பாரே, அவர்தான். ஒரு தடவை தவறினால் கால் வீங்கிப் படுக்க முடியாமல் மூச்சு வாங்கும். போன் செய்தால், "வண்டி வரலைன்னா வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அவசரமில்ல டீச்சர்" என்கிறார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபடி. அந்த நம்பிக்கைதான் என்னை அழவைத்தது. எத்தனை மணிக்கு, யார் வண்டி, வேறு யார் யார் காத்திருக்கிறார்கள், எதுவும் தெரியாது.

உனக்குப் போன் செய்தேன். நீ ஆபீஸ் கூட்டத்தில் இருந்துகொண்டு குசுகுசுவென்று, "பெரியம்மா, அழாம கேளுங்க. மேல பழைய பதிப்புகள்னு இருக்கும். அதைத் தட்டுங்க" என்றாய். தட்டினேன். துடைத்ததெல்லாம் அப்படியே வந்து நின்றது சிட்டு, ஹாரன் அண்ணனின் எழுத்துப்பிழைகள் உட்பட. அன்று உதறிய துணியிலிருந்து எழுத்துகள் பொலபொலவென்று விழுந்திருந்தால் நீ எப்படிச் சிரித்திருப்பாயோ, அப்படி நான் சிரித்தேன். பொருளாளர் கடையைப் பூட்டிவிட்டு மருந்து வண்டியை எடுத்தார். இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே தையலக்காவும் நானும். கொஞ்சம் தாமதம்தான். நர்ஸ் முறைத்தார், ஆனால் படுக்கையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். மற்றவர்களுக்கும் வண்டி போய்விட்டது. அந்த நர்ஸுக்கும் நன்றி, உனக்கும் நன்றி, அந்தப் பழைய பதிப்பைக் கண்டுபிடித்த முகம் தெரியாத புண்ணியவானுக்கும் நன்றி.

ஆனால் இது உனக்கும் எனக்கும் மட்டும். நான் செயலாளர் பொறுப்பை விட்டுவிடப் போகிறேன். துடைத்துத் துடைத்துப் பழகிய கை, மறுபடி துடைக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. தையலக்கா வாசலில் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. ஹாரன் அண்ணனிடம் சொன்னால் ஊருக்கே கேட்கும், பொருளாளரிடம் சொன்னால் சுவரிடம் சொன்னது போல இருக்கும். யார் மனமும் நோகாமல் ஒரு விலகல் கடிதம் நீயே எழுதி அனுப்பு. நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல், கேட்டது கிடைத்து, நினைத்தது நடந்து, நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
பெரியம்மா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தின் மேல் மூலையில் வண்ண வண்ணமாக வட்டங்கள், படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆளுக்கொன்று. சங்கத்துக்கென்று நீ அமைத்த பெட்டிக்குள் திறக்கும் புதுப் பக்கமும் எல்லோருக்கும் பொதுவாம், இது எனக்குத் தெரியாது. நான் தட்டத் தட்ட எல்லோரும் படித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஹாரன் அண்ணன் எழுதியிருக்கிறார்: "நான் சத்தமா பேசல டீச்சர். நீங்க எல்லாரும் மெதுவா பேசுறீங்க." பொருளாளர் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான், ஆனால் பல் தெரிகிறது. தையலக்கா எழுதியது இது: "நான் பிரிச்சுத் தைக்காத சட்டையே கெடையாது டீச்சர். வெள்ளிக்கிழமைக்கு என் பேரைப் போட்டாச்சு. பக்கத்துல உங்க பேரும் போட்டிருக்கேன், பேச்சுத் துணைக்கு. ரெண்டையும் அழிச்சிடாதீங்க." விலகுகிறேன் என்ற பத்தியை யாரோ துடைத்துவிட்டார்கள். நீ கதையை முழுதாகப் படிக்கட்டும் என்று பழைய பதிப்பிலிருந்து மீட்டு வைத்திருக்கிறேன், மற்றபடி அதற்கு மதிப்பில்லை. விலகல் கடிதமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

நீ ஒன்று மட்டும் செய்து பார். உன் அம்மாவைப் பற்றி எனக்கு எழுத உட்காரும்போது, முதல் வரிக்கு முன்னால் பக்கத்தின் மேல் மூலையை ஒருமுறை பார்.