படுக்கவைத்த சிலிண்டரும் இரண்டு தட்டும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நம் வெல்டிங் வண்டியும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கையும் நன்றாகத்தான் இருப்பீர்கள். விசாரிக்க மாட்டேன், ஏனென்றால் நான் இன்னும் கோபமாக இருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களைத் திரும்பக் கூப்பிட இதை எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் நான் அசிட்டிலீன் சிலிண்டரை வண்டியில் படுக்கவைத்தேன் என்பதற்காக நடுரோட்டில் இறங்கி விறுவிறுவென்று நடந்து போனவர் நீங்கள். ஏணி வைக்க இடமில்லை, அரை மணி நேரம் படுக்கவைத்தேன், அவ்வளவுதானே? "படுக்க வெச்சா உள்ள இருக்கிற திரவம் கேஸோட சேர்ந்து வந்துடும் மச்சான், இருபத்தாறு வருஷமா சொல்றேன்" என்றீர்கள். வண்டி என்னுடையது என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதற்காகச் சட்டைப்பையில் இருந்த சிலிண்டர் சாவியோடு போய்விடுவதா? அன்றைக்கு வேலை நடந்த வீட்டில் வால்வைத் திறக்க வழியில்லாமல் பேந்தப் பேந்த முழித்தேன்.

மறுநாள் காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியும் வண்டி கிளம்பவில்லை. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை, பின்னாலிருந்து இரண்டு தட்டு வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பின்னால் போய், ஒவ்வொரு சிலிண்டரையும் அசைத்துப் பார்த்து, மூடியைத் திருகிப் பார்த்து, சங்கிலியை இழுத்துப் பார்த்து, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் என் கை கியருக்குப் போகும். உங்கள் மகள் பிறந்த அன்று அந்த வண்டியில்தானே ஆஸ்பத்திரிக்குப் போனோம்? முன்சீட்டில் என் தங்கை வலியில் கத்துகிறாள், நீங்கள் நிதானமாகச் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் திட்டிய திட்டுக்கு வேறு யாராக இருந்தாலும் வேலையை விட்டிருப்பார்கள். நீங்கள் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறிக்கொண்டீர்கள். இப்போது நானே இறங்கிப் போய்த் தட்டிவிட்டு, ஓடிவந்து ஏறிக் கியர் போடுகிறேன். எதிர்வீட்டுத் தையல்காரர் என் வீட்டுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாராம். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை, மாப்பிள்ளை.

இது இப்படியிருக்க, நாம் மாதாமாதம் வேலைக்குப் போகும் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். சிலிண்டர் வைத்திருக்கும் முறையை அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வண்டி உள்ளே போகலாம். நமக்கு நிலையாக இருப்பது அந்த ஒரு வேலைதான், அது போனால் வண்டியைக் காயலான் கடையில்தான் விட வேண்டும். நானும் ரோஷத்தோடு ஷெட்டில் ஓர் இரும்புக் கூண்டு செய்து, சிலிண்டர்களை மேலிருந்து வளையங்களுக்குள் இறக்கி, நாலு பேரைப் பிடித்துக் கூண்டோடு வண்டிக்குள் தள்ளி, போல்ட் போட்டு முடுக்கினேன். பூகம்பம் வந்தாலும் அசையாது. காலி சிலிண்டரை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அது வெளியேயும் வராது. தூக்கினால்தான் வளையத்தை விட்டு வரும், தூக்கினால் தலை கூரையில் இடிக்கிறது. நான் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று, "வெச்சுட்டீங்க மச்சான், எடுக்கறது எப்படி?" என்று கேட்பீர்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தடவை கேட்க ஆளில்லை.

அதிகாரி வந்தார். சின்ன வயசு, சிரிக்காத முகம். காலி சிலிண்டரை எடுத்துக் காட்டச் சொன்னார். நானும் அவருமாகச் சேர்ந்து இழுத்தோம், வண்டிதான் ஆடியது. பிறகு நான் நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தைப் பார்த்தார். கிளம்பும் முன் சோதிப்பவர் என்ற இடத்தில் என் கை பழக்கத்தில் உங்கள் பெயரை எழுதியிருந்தது. எங்கே அவர் என்றார். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார், மாப்பிள்ளை. அப்புறம், "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரேன். கூண்டும் சரியா இருக்கணும், அவரும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூண்டைச் சரிசெய்துவிட்டேன். சிலிண்டர் பக்கத்தில் நெருப்பு வைக்கக் கூடாது என்று இரண்டு நாள் ரம்பத்தால் அறுத்தேன், வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். இப்போது வளையத்துக்குக் கதவு இருக்கிறது, கூரையில் காற்றுப் போக ஓட்டை இருக்கிறது, சிலிண்டர்கள் நின்றபடி சங்கிலியில் இருக்கின்றன. சோதிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன். உங்கள் சீட்டில் கிடந்த மெத்தையையும் தூக்கிப் போட்டாயிற்று. உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்கப் போவதில்லை.

தங்கைக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் நூறு வயது வாழ வேண்டும், என் கோபமும் அதுவரை இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: மெத்தை சீட்டில்தான் இருக்கிறது. அன்றைக்குப் படுக்கவைத்தது தப்புதான், சொன்னது அதைவிடத் தப்பு. இன்று வெள்ளிக்கிழமை, மணி ஒன்பதாகிறது. இதை உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கில் வைத்துத்தான் எழுதுகிறேன். தங்கையைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்புகிறேன். மூன்று மாதமாக டீ குடித்தது போதும், சாவியை எடுத்துக்கொண்டு வாருங்கள். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு தட்டு தட்டுங்கள். அதுவரை நான் கியரில் கை வைக்க மாட்டேன்.